கொளஞ்சியப்பர் கோர்ட்டில் ஒரு கொம்பு

எழும்பூரில் ரயில் ஏறினால் விருத்தாசலம் இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். விழுப்புரத்தில் வடை வாங்கினால், உளுந்தூர்ப்பேட்டை தாண்டுவதற்குள் தின்று முடித்துக் கையையும் துடைத்துக்கொள்ளலாம். அப்புறம் இறங்க வேண்டியதுதான். பெரிய ஜங்ஷன். ஒரு பாதை திருச்சிக்கு, ஒன்று சேலத்துக்கு, இன்னொன்று நெய்வேலி வழியாகக் கடலூருக்கு. ஆனால் தென்னாட்டுக்குப் போகிற நம்மில் பாதிப் பேருக்கு விருத்தாசலம் என்றால் ஜன்னல் வழியாக நீட்டப்படுகிற டீதான். இறங்கிப் பார்த்தவர்கள் குறைவு.

நான் இறங்கினேன். காரணம், ஒரு கொம்பு.

மாட்டுக் கொம்பு அல்ல. எழுத்துக்குப் போடுகிற கொம்பு. என் மனைவியின் அண்ணன் இந்த ஊரில் பீங்கான் பட்டறை வைத்திருக்கிறார். பட்டறை நிற்கிற மனைக்கட்டு அவருடைய காலஞ்சென்ற அப்பாவின் பெயரில் இருக்கிறது. அப்பாவுக்கு ஊர்ச் சாமி பெயர். கொளஞ்சியப்பரைச் சுருக்கிக் கூப்பிட்டால் என்ன வருமோ அது. இந்தப் பக்கம் வீதிக்கு நாலு பேருக்கு அதே பெயர்தான். பத்திரத்தில் ஒழுங்காக இருக்கிறது. பட்டாவைக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது முதல் எழுத்தின் கொம்பை யாரோ விட்டுவிட்டார்கள். 'கொ' போய் 'கா' வந்துவிட்டது. சொல்லிப் பாருங்கள். கிட்டத்தட்ட காளாஞ்சி! வெற்றிலை எச்சில் துப்புகிற பாத்திரம்!

"எங்கப்பா வெத்திலையே போட்டதில்ல மாப்ளே" என்றார் மச்சான்.

சிரிக்கிற விஷயம் இல்லை. பட்டாவில் இருக்கிற காளாஞ்சியும் பத்திரத்தில் இருக்கிற மனிதரும் ஒருவரே என்று ஆனால்தான் மனை மச்சான் பெயருக்கு மாறும். மாறினால்தான் பேங்க் லோன். லோன் வந்தால்தான் புதுச் சூளை. வராவிட்டால் பட்டறையைப் பூட்டிவிட்டுத் திருப்பூருக்கு ரயில் ஏற வேண்டியதுதான். பட்டறையை நம்பி இருக்கிற எட்டுப் பேருக்கும் அதே ரயில்தான். நாலு இடத்தில் மனு கொடுத்திருந்தார். எந்தெந்த இடம் என்று கேட்காதீர்கள், மறுபடியும் அங்கேதான் போயாக வேண்டும். கடைசியில் ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது. 'தங்கள் மனு முடித்து வைக்கப்பட்டது.'

மனு முடிந்துவிட்டது. கொம்பு வரவில்லை.

"நீங்க பேப்பர்ல எழுதறவரு. ஒரு நடை வாங்க. அஞ்சாவதா ஒரு மனு குடுக்கணும். வாசகம் சுத்தமா இருக்கணும்" என்றார் போனில்.

"யாருக்கு மச்சான்? முதலமைச்சருக்கா?"

"அதுக்கும் மேல."

*

பட்டறையை முதலில் பார்த்துவிடுவோம். விருத்தாசலம் வட்டாரத்தில் வெள்ளைக் களிமண் கிடைக்கிறது. அதை வைத்துத்தான் அரசாங்கம் இங்கே பீங்கான் தொழிற்பேட்டை அமைத்தது. பீங்கான் தொழில்நுட்பம் படிப்பதற்கென்றே ஓர் அரசுப் பயிலகமும் இந்த ஊரில் உண்டு. உங்கள் வீட்டு மீட்டர் பெட்டியில் பழைய வெள்ளை ஃப்யூஸ் கட்டை இருந்தால் (ஊர்ப் பேச்சில் 'பீஸ் கட்டை') அது விருத்தாசலத்துப் பிள்ளையாக இருக்கலாம். ஊறுகாய் ஜாடி, அகல் விளக்கு, கொலு பொம்மை எல்லாம் அதன் தம்பி தங்கைகள்.

பொம்மை செய்வது பார்க்க வேண்டிய காட்சி. களிமண்ணைப் பாயசம் மாதிரி கரைத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரைக் குடித்துவிடுகிறது. ஓரத்தில் மட்டும் மண் தோலாகப் படிகிறது. மிச்சத்தைக் கவிழ்த்து ஊற்றிவிட்டு, சற்றுப் பொறுத்து அச்சைப் பிரித்தால் உள்ளே கிருஷ்ணர்! காயவைத்து, சீவி, சூளையில் வேகவைத்தால் பத்தில் ஒரு பங்கு சுருங்கிவிடுவார்.

"ஈரத்துல பத்து இஞ்ச், வெந்து வந்தா ஒம்பது இஞ்ச். தேர்தல் அறிக்கை மாதிரி" என்றார் மச்சான்.

பீஸ் கட்டைக்கு இப்போது மவுசு குறைந்துவிட்டது. புது வீடுகளில் எல்லாம் எம்.சி.பி. சுவிட்ச். ஆனாலும் கட்டையைக் கையில் எடுத்தால் மச்சானுக்கு முகம் மலர்ந்துவிடும்.

"இதுல முக்கியம் பீங்கான் இல்ல மாப்ளே, நடுவுல இருக்கற மெல்லிசுக் கம்பி. கரண்டு எக்கச்சக்கமா வந்தா கம்பி எரிஞ்சுடும், வீடு பிழைச்சுக்கும். சில புத்திசாலிங்க, அடிக்கடி பீஸ் போவுதேன்னு தடிக் கம்பியா சுத்திடுவானுங்க. அப்புறம் கம்பி எரியாது. வீடு எரியும்."

இந்தத் தடிக் கம்பியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வரும்.

*

ஊரிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டரில் மணவாளநல்லூர். அங்கேதான் அந்த 'அதுக்கும் மேல' இருக்கிறார். கொளஞ்சியப்பர். முருகன்தான், ஆனால் மயிலும் வேலுமாக நிற்கிற சிலை கிடையாது. பலிபீட வடிவம். கொளஞ்சிச் செடிப் புதருக்குள் ஒரு பசு பால் சொரிந்ததைப் பார்த்து ஜனங்கள் கண்டுபிடித்தார்கள் என்பது தல வரலாறு.

இவரிடம் வேண்டுதல் எல்லாம் வாய்வார்த்தையில் இல்லை. எழுத்து மூலம். அதற்குப் பெயர் 'பிராது கட்டுதல்'. வெள்ளைத் தாளில், இன்ன ஊர், இன்னார் மகன் இன்னார் எழுதிக்கொண்ட பிராது என்று கோர்ட் பாணியில் எழுதவேண்டும். சாமி முன் வைத்துப் பூஜை செய்துவிட்டு, சுருட்டி, நூல் சுற்றி, முனியப்பர் சன்னதியில் இருக்கிற வேலில் கட்டிவிட வேண்டும். உங்கள் ஊர் எவ்வளவு தூரம் என்று கணக்குப் பார்த்துப் படிப்பணமும் உண்டு. சாமி விசாரணைக்கு வரவேண்டாமா? மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு என்பது ஐதீகம். களவு போன நகை, ஏமாற்றிய பங்காளி, திரும்பாத கடன், பிரிந்துபோன புருஷன் எல்லாம் அந்த வேலில் தொங்குகின்றன.

நான் பேனாவைத் திறந்தேன். "எதிர்மனுதாரர் யார் மச்சான்?"

"கம்ப்யூட்டர்னு எழுதுங்க."

"தண்டனை ஏதாவது?"

"ஐயய்யோ, வேணாம். பாவம், யாரோ புள்ள. டைப் அடிச்ச அன்னைக்கி அவனுக்கு என்ன கஷ்டமோ. கொம்பு வந்தா போதும்."

கட்டிவிட்டுத் திரும்பும்போது, பக்கத்தில் ஓர் அம்மாள் வேறொரு தாளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "பிராதாம்மா?" என்றேன்.

"இல்லீங்க. இது ராஜினாமா."

பதவி எதுவும் வகிக்கிறவராகத் தெரியவில்லை. மச்சான்தான் விளக்கினார். காரியம் முடிந்தால் பிராது கொடுத்தவரே திரும்ப வந்து, இன்ன தேதியில் கட்டிய பிராது தீர்ந்துவிட்டது, ராஜினாமா செய்துகொள்கிறேன் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். அதற்கப்புறம்தான் கேஸ் முடிந்ததாக அர்த்தம்.

எனக்குச் சுருக்கென்றது. ராஜினாமா என்கிற சொல்லுக்குப் பழைய பொருளே இதுதான். 'ராஜி' என்றால் சம்மதம், சமரசம். வழக்குப் போட்டவன், எனக்குத் திருப்தி என்று எழுதிக்கொடுக்கிற தாள். நாம் அதை மந்திரிகளுக்குக் கொடுத்துவிட்டு, பதவியைத் தூக்கி எறிவதற்கு வைத்துக்கொண்டுவிட்டோம். அசல் அர்த்தம் மணவாளநல்லூரில் பத்திரமாக இருக்கிறது.

*

மாலையில் பெரிய கோயில். பழமலைநாதர். 'விருத்தாசலம்' என்றாலும் பழைய மலை என்றுதான் பொருள். தேவாரத்தில் திருமுதுகுன்றம். சுந்தரர் இங்கே வாங்கிய பன்னிரண்டாயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்தாராம். 'ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது' என்கிற கேலி அதிலிருந்து வந்ததுதான். சுந்தரருக்குக் குளத்தில் முழுசாகக் கிடைத்தது. நாம் இங்கே வரியைப் போட்டுவிட்டு டெல்லியில் தேடுகிறோம். நிதிக் கமிஷன்தான் நமக்குக் கமலாலயம்.

பத்தாம் நூற்றாண்டில் இதைக் கற்கோயிலாக எடுப்பித்தவர் செம்பியன் மாதேவி. சோழ அரசர் கண்டராதித்தரின் மனைவி. அந்தக் காலத்தில் கோயில் மதில்தான் அரசாங்க கெஜட். யார் என்ன கொடுத்தார்கள், எந்த நிலத்துக்கு எங்கே எல்லை எல்லாம் கல்லில். கல்லில் கொம்பு விட்டுப்போனால் ஊரே பார்த்துவிடும்! அதே சோழர் காலத்தில்தான் உத்தரமேரூர்க் கல்வெட்டு, கி.பி. 919, 921. குடவோலை போட்டு வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிட எனக்குப் பிடித்த விதி இன்னொன்று. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரும் அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரும் குடத்தில் போடக்கூடாது. இன்றைக்கு அந்த விதியைக் கொண்டுவந்தால் பல குடங்கள் காலியாகத்தான் இருக்கும்.

சோழர் தளர்ந்ததும் காடவர்கள் வந்தார்கள். அதுவும் இந்தப் பக்கத்துக் கதைதான். கோப்பெருஞ்சிங்கன் சோழனுக்கு அடங்கிய சிற்றரசன். சுமார் 1231-ல் அவன் மூன்றாம் ராஜராஜ சோழனையே பிடித்து, உளுந்தூர்ப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற சேந்தமங்கலத்தில் சிறைவைத்தான். ஹொய்சள மன்னன் நரசிம்மன் கர்நாடகத்திலிருந்து படை அனுப்பி மீட்க வேண்டியிருந்தது. கூட்டணித் தலைவரை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அப்போதே பாடம் இருக்கிறது.

பிறகு நவாபு ராஜ்யம். அவர்கள் போய்விட்டார்கள், வார்த்தைகளை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். தாசில்தார், தாலுகா, ஜில்லா, ஜப்தி, வாய்தா, வசூல், பாக்கி, பிராது, ராஜினாமா. ஏன், 'பீங்கான்' கூடப் பாரசீகம்தான்! வருஷா வருஷம் நம் தாலுகா ஆபீஸில் நடக்கிற ஜமாபந்தி பசலிக் கணக்கில் நடக்கிறது. ஜூலை 1-ல் பிறக்கிற மொகலாயர் காலத்து வருஷம். ஆங்கில வருஷத்தில் 590 கழித்துக்கொள்ளுங்கள். ராஜாக்கள் மாறலாம், ரெவின்யூ டிபார்ட்மெண்ட் மாறாது.

*

கோயிலுக்கு வெளியே டீக்கடை. ஒரு ரிட்டயர்டு வாத்தியாரும் மச்சானும் சிநேகிதர்கள். விருத்தாசலத்துக்கு வந்துவிட்டு அரசியல் பேசாமல் டீ குடிக்க முடியாது.

"ஸார், இந்த ஊரு கணக்குப் பாடம்" என்றார் வாத்தியார். "2006-ல விஜயகாந்த் புதுசா கட்சி ஆரம்பிச்சு 232 தொகுதியில நிறுத்தினார். நூத்துக்கு எட்டு ஓட்டுக்கு மேல வாங்கினார். கிடைச்ச சீட்டு எத்தனை? ஒண்ணு! அந்த ஒண்ணு விருத்தாசலம். அவரே நின்ன தொகுதி. அஞ்சு வருஷம் கழிச்சு, 2011-ல கூட்டணி சேர்ந்து 41 இடத்துல நின்னார். ஓட்டு சதவீதம் கொஞ்சம் குறைஞ்சுது. சீட்டு 29! எதிர்க்கட்சித் தலைவராவே ஆயிட்டார்."

நான் மனக்கணக்குப் போட்டேன். 2006-ல் வாங்கிய 8.4 சதவீதத்துக்கு விகிதாசாரப்படி இடம் கொடுத்திருந்தால் 234-ல் பத்தொன்பது, இருபது வரும். வேடிக்கை என்னவென்றால், இதே பழைய தென்னார்க்காட்டில் ஒரு கட்சி நிஜமாகவே பத்தொன்பது வாங்கியிருக்கிறது. 1952 முதல் பொதுத்தேர்தல். எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சி. ஓட்டு மாகாணம் முழுக்கச் சிதறவில்லை, தென்னார்க்காடு, சேலம் பக்கத்திலேயே குவிந்திருந்தது. அதனால் 19 சீட்டு. அன்று 375 பேர் கொண்ட சென்னை சட்டசபையில் காங்கிரஸுக்கு 152தான். மேலவைக்கு நியமிக்கப்பட்ட ராஜாஜி முதலமைச்சரானார். வடார்க்காட்டுப் பக்கத்தில் ஆறு இடம் பிடித்த காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் மந்திரி சபையில் சேர்ந்தார். 1954-ல் காமராஜ் வந்ததும் படையாட்சியாரும் மந்திரியானார். கூட்டணி ஆட்சி என்று நாம் இன்றைக்குப் புதுசாக மூக்கில் விரல் வைப்பதை இந்த மாவட்டம் அன்றைக்கே பார்த்துவிட்டது.

"அப்ப விகிதாசாரம்தான் நல்லதா வாத்தியாரே?" என்றார் மச்சான்.

"அதையும் பக்கத்து வீட்டுல பாரு. இலங்கை. 225 பேர்ல 196 பேர் மாவட்ட வாரியா, விகிதாசாரப்படி. 29 பேர் தேசியப் பட்டியல். 2020-ல அநுரகுமார திசாநாயக்க அணிக்கு மூணே சீட்டு. 2024-ல 159! யாழ்ப்பாண மாவட்டத்து ஆறுல மூணு அவங்களுக்கு. விகிதாசாரத்துலயும் அலை வந்தா வரும்."

"பின்ன எதுதான் நல்லது?"

வாத்தியார் டீயை ஆற்றினார். "சட்டம் எப்படி வேணா இருக்கட்டும். தேர்தல் நாள் தவறக்கூடாது. 1977-ல தேர்ந்தெடுத்த பாராளுமன்றத்தை, 1982 டிசம்பர்ல தேர்தல் வைக்காம, சர்வஜன வாக்கெடுப்புன்னு ஒண்ணு வெச்சு இன்னும் ஆறு வருஷம் இழுத்தாங்க. அடுத்த பொதுத்தேர்தல் 1989-லதான். நடுவுல என்னென்ன நடந்துதுன்னு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டாம். 1983 ஜூலையை யார் மறப்பார்கள்? யுத்தத்துக்கு அது ஒன்றே காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் கோபம் வெளியே போக இருந்த ஒரு வாசலை அடைத்துவிட்டார்கள்.

"தடிக் கம்பி" என்றார் மச்சான் மெதுவாக.

நாமும் சுற்றியிருக்கிறோம். 1971-ல் தேர்ந்தெடுத்த மக்களவையை எமர்ஜென்சியில் நீட்டித்தார்கள். 1976 ஜனவரி 31 அன்று இங்கே மாநில ஆட்சியையும் கலைத்தார்கள். நம் அதிர்ஷ்டம், 1977-ல் மெல்லிசுக் கம்பியைத் திரும்ப மாட்டினோம். பீஸ் போனது. வீடு பிழைத்தது.

*

மறுநாள் திங்கட்கிழமை. புதுச்சேரிக் கடைக்கு ஒரு வேன் அகல் விளக்கு அனுப்ப வேண்டியிருந்தது. டிரைவருக்குப் பக்கத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஏறிக்கொண்டோம். சுமார் எண்பது கிலோமீட்டர்தான். அதற்குள் எத்தனை சர்க்கார் பாருங்கள்.

முதலில் நெய்வேலி. 1956-ல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். நேர்கோட்டில் ரோடு, வரிசையாக மரம், எண் போட்ட பிளாக்குகள். இங்கே பழுப்பு நிலக்கரிக்கு மேலே படிந்திருக்கிற மண்ணில் வெள்ளைக் களிமண்ணும் உண்டு. கரண்டு பல மாநிலங்களுக்குப் போகிறது. நிலம் இந்த ஊர் ஜனங்களுடையது. 2023 ஜூலையில் வளையமாதேவிப் பக்கம் பயிர் நின்ற வயலில் இயந்திரம் இறங்கி வாய்க்கால் வெட்டியதைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். நிலத்தை எடுத்துக் கொடுப்பது மாநில அரசு, வாங்குவது மத்திய நிறுவனம். விவசாயி யார் பெயருக்குப் பிராது எழுதுவான்?

அடுத்து வடலூர். வள்ளலார் 1867-ல் தருமசாலையில் ஏற்றிய அடுப்பு இன்னும் அணையவில்லை. விக்டோரியா மகாராணி காலத்து நெருப்பு. எந்த ஆட்சி வந்தாலும் சோறு மட்டும் நிற்கவில்லை. மனு கேட்காமல் தீர்ப்புச் சொல்கிற ஒரே இடம். நாங்களும் சாப்பிட்டோம்.

கடலூர். திங்கட்கிழமை என்பதால் கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள். கையில் மனுவோடு கூட்டம். விருத்தாசலத்துக்காரருக்கு இந்த இடம் சுமார் அறுபது கிலோமீட்டர். 1993-ல் தென்னார்க்காட்டைப் பிரித்துக் கடலூர், விழுப்புரம் ஆக்கினார்கள். 2019-ல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. 'எங்களுக்கு எப்போ தனி மாவட்டம்?' என்று விருத்தாசலத்தில் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கௌரவத்துக்காக அல்ல. ஒரு மனுவுக்கு ஒரு நாள் கூலியும் பஸ் சார்ஜும் போகிறது, அதற்காக.

எல்லை பிரிப்பதில் கடலூருக்குப் பழைய அனுபவம் உண்டு. 1690-ல் மராட்டியரிடமிருந்து இங்கே ஒரு கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனி வாங்கியது. அதுதான் செயின்ட் டேவிட் கோட்டை. எவ்வளவு நிலம்? பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு! சுட்டார்கள். உள்ளே விழுந்த ஊர்களுக்குக் 'குண்டு கிராமம்' என்றே பெயர். பட்டாவில் பெயர் தப்பாக விழுவதெல்லாம் அதோடு ஒப்பிட்டால் சாதாரணம்.

அப்புறம் முள்ளோடை. ரோடு அதே ரோடு. தமிழ் அதே தமிழ். ஆனால் கடைகளின் ரகம் மாறுகிறது, போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி ஏறுகிறது. புதுச்சேரி!

இங்கே பிரெஞ்சுக்காரன் இருந்தான். 1870-களிலேயே புதுச்சேரி ஆண்கள் ஓட்டுப் போட்டு பாரிஸ் பாராளுமன்றத்துக்கு ஆள் அனுப்பினார்கள். 1880-ல் கொம்யூன்கள் என்று நகராட்சிகளும் வந்துவிட்டன. 'கொம்யூன் பஞ்சாயத்து' என்ற பெயர் இன்னும் இருக்கிறது. அதே சமயம் எண்பது கிலோமீட்டர் தள்ளி விருத்தாசலத்தில்? 1920 வரை சட்டசபைக்கு நேரடித் தேர்தலே கிடையாது. அப்போதும் சொத்து இருக்கிறவனுக்குத்தான் ஓட்டு. எல்லோருக்கும் ஓட்டு 1952-ல்.

சபாஷ் பிரெஞ்சுக்காரன் என்று சொல்லிவிடாதீர்கள். ஓட்டு வந்ததே தவிர, யார் போட்டார்கள் என்பது வேறு விஷயம். கள்ள ஓட்டும் கம்புச் சண்டையும் பேர்போனவை. ஐரோப்பியருக்கு ஒரு பட்டியல், இந்தியருக்கு ஒரு பட்டியல் என்று பிரித்தும் வைத்தார்கள். பெண்கள் விஷயத்தில் நம் பக்கம்தான் முந்தி. சென்னை மாகாணம் 1921-லேயே சொத்துள்ள பெண்களுக்கு ஓட்டுக் கொடுத்தது. பிரான்ஸில் பெண்களுக்கு 1944-ல்தான் அந்த உரிமை.

கட்சி தாவுவதைப் பற்றி நாம் பேசுகிறோம். எதுவார் குபேர் என்பவர் பாரிஸ் பாராளுமன்றத்தில் பிரெஞ்சு இந்தியாவின் உறுப்பினராக இருந்து, 1954-ல் இந்தியாவோடு சேருவோம் என்று இந்தப் பக்கம் வந்து, 1963-ல் புதுச்சேரியின் முதல் முதலமைச்சரானார். அவர் தாவியது கட்சி அல்ல, தேசம்! சேர்வதா வேண்டாமா என்று 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் ஓட்டெடுத்தார்கள். ஜனங்கள் அல்ல, மக்கள் பிரதிநிதிகள் 178 பேர். 170 பேர் சேரலாம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி மாற 1962 ஆகஸ்ட் 16 ஆயிற்று. துப்பாக்கிப் போர் இல்லாமல் ஒரு ராஜ்யம் கைமாறியது, நினைத்துப் பார்த்தால் பெரிய விஷயம்.

இன்றைக்கு முப்பது எம்.எல்.ஏ., மத்திய அரசு நியமிக்கிற மூன்று பேர், மேலே துணைநிலை ஆளுநர். சின்னச் சபை. நாலு பேர் தும்மினால் ஜலதோஷம் எல்லோருக்கும். 2021 பிப்ரவரியில் எம்.எல்.ஏ.க்கள் வரிசையாக ராஜினாமா கொடுக்க, நாராயணசாமி மந்திரி சபை பெரும்பான்மை இழந்து கவிழ்ந்தது. கொளஞ்சியப்பர் கோயில் அம்மாள் கொடுத்த ராஜினாமாவுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

இன்னொன்று கேளுங்கள். அவ்வளவு முன்னதாக ஓட்டுப் பெட்டியைப் பார்த்த புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் 2006-ல்தான் நடந்தது. 38 வருஷம்! அந்தப் பதவிக்காலம் 2011-ல் முடிந்து, மறுபடியும் வருஷக்கணக்கில் இழுபறி. நாம் சளைத்தவர்களா? தமிழ்நாட்டில் 2016-ல் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல், கிராமங்களுக்கு 2019 டிசம்பரில் தொடங்கி, நகரங்களுக்கு 2022 பிப்ரவரியில்தான் முடிந்தது. தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்லப் பக்கத்துத் தெருவில் ஒரு கவுன்சிலர் இல்லாத வருஷங்கள். கலெக்டர் ஆபீஸ் வாசலில் கூட்டம் ஏன் வழிகிறது என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

*

திரும்பும்போது இருட்டிவிட்டது. காலி வேன் குலுங்கியது. மச்சான் நெய்வேலி விளக்குகளைப் பார்த்தபடி சொன்னார்:

"சோழன், நவாபு, வெள்ளக்காரன், பிரெஞ்சுக்காரன், டெல்லி, மெட்ராஸ்... எல்லாருக்கும் மனு வாங்கத் தெரிஞ்சிருக்கு மாப்ளே. முடிஞ்சுதுன்னு சொல்ற உரிமையை மட்டும் எவனும் நமக்குக் குடுக்கல. அதையும் அவங்களே சொல்லிடறாங்க. எனக்கு வந்த எஸ்.எம்.எஸ். மாதிரி."

எத்தனையோ ஆட்சிமுறைகளை ஒப்பிட்டுப் புத்தகம் எழுதியிருக்கிறார்கள். இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லி நான் படித்ததில்லை. பிராது எழுதியவனே 'திருப்தி' என்று கையெழுத்துப் போட்டால்தான் கேஸ் முடியும் என்பது மணவாளநல்லூர்ச் சட்டம். நாட்டில் நமக்கு அப்படி ஒரு கையெழுத்து ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவைதான், விரலில் மை வைத்துக் கிடைக்கிறது. அதனால்தான் அந்த நாளைத் தள்ளிப்போடுகிறவர்கள் எந்த ஊராக இருந்தாலும், எந்தக் கட்சியாக இருந்தாலும் சந்தேகப்பட வேண்டும் என்று தோன்றியது. நடுவில் வருகிற நாட்களுக்கு? ஒவ்வொரு மனுவின் கீழேயும் 'மனுதாரர் ராஜி' என்று ஒரு கட்டம் போட்டு, அதில் அவர் கையெழுத்து இருந்தால்தான் ஃபைலைக் கட்ட வேண்டும் என்று ஒரு ஜி.ஓ. போட்டால் போதும். ஒரு தாளில் ஒரு வரி. பெரிய செலவில்லை.

*

சென்னை திரும்பி, நான் வழக்கம்போல மறந்தும் போனேன். சரியாக எண்பத்தேழாவது நாள் மச்சானிடமிருந்து போன்.

"மாப்ளே! கொம்பு வந்துடுச்சு!"

"சபாஷ்! எப்படி?"

"தெரியல. புதுப் பட்டா என் பேருக்கே வந்திருக்கு. அப்பா பேரு கொம்போட ஜம்முனு இருக்கு."

"அப்புறம் என்ன? கோயிலுக்குப் போய் ராஜினாமா எழுதிக் குடுத்துடுங்க."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அதுலதான் ஒரு சந்தேகம். அப்பா பேரு சரியாயிடுச்சு. ஆனா என் பேருக்கு முன்னால இனிஷியல் தப்பா விழுந்திருக்கு. பேங்க்ல ஒத்துக்கமாட்டேங்கறான்."

"அடடா! இப்ப என்ன செய்யப்போறீங்க?"

"அதான் மணவாளநல்லூருக்குக் கிளம்பிட்டிருக்கேன். பாதி ராஜினாமா வாங்கிப்பாங்களான்னு கேட்டுட்டு வரேன்."